மேல்தட்டு சூப்பர் மார்க்கெட்டுகளின் ஆயத்த உணவு: கொடுக்கும் விலைக்குத் தரம் இருக்கிறதா?

குரோய்டன்வாசி:

கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் வெள்ளிக்கிழமை இரவு அடுப்பைப் பற்றவைக்க யாருக்கும் தெம்பிருப்பதில்லை. லண்டனுக்கு வந்து பதினேழு ஆண்டுகள் ஆகியும், சமைத்துப் பொதிந்து, வீட்டில் சூடாக்கினால் போதும் என்று விற்கும் ஆயத்த உணவுப் பக்கம் போகாமலிருந்த நாங்கள், கடந்த ஆறு வாரங்களாக வெள்ளிதோறும் ஒரு பெயர்பெற்ற மேல்தட்டு சூப்பர் மார்க்கெட்டின் உயர்தர வரிசையிலிருந்து இரண்டு பொதிகள் வாங்கி வந்து சாப்பிட்டுப் பார்த்தோம். மலிவுக் கடையில் மூன்று பவுண்டுக்குக் கிடைப்பதற்கு இங்கே ஏழு பவுண்டு கொடுக்கிறோம் என்றால், அந்த நான்கு பவுண்டு வேறுபாடு நாக்கிலும் வயிற்றிலும் தெரிய வேண்டும் என்பதே என் எதிர்பார்ப்பாக இருந்தது.

அது நிறைவேறவில்லை. கோழி பிரியாணியின் சோறு, பொதியில் எழுதியிருந்த நேரப்படி சூடாக்கிய பிறகும், விளிம்புகளில் விறைத்தும் நடுவில் குழைந்தும் இருந்தது. நெஞ்சுக் கறித் துண்டுகள் நார் நாராகப் பிரிந்தன. அடுத்தடுத்த வாரங்களில் வாங்கிய மூன்று வகைக் கறிகளில், பெயரும் நிறமும் மாறினவே தவிர, தக்காளியும் கிரீமும் சிறிது இனிப்பும் கலந்த ஒரே குழம்பைத்தான் மூன்று முறையும் சாப்பிட்டோம் என்று என் மகள் சொன்னாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. சாப்பாட்டு விஷயத்தில் யாருக்கும் சலுகை காட்டமாட்டாள். கருநிறத் தட்டும், தடித்த அட்டை உறையும், அதன்மேல் அச்சிட்ட படமும்தான் கூடுதல் விலையை விழுங்குகின்றன என்று நான் நினைக்கிறேன். மாற்றுக் கருத்துடையவர்கள் காரணத்தோடு எழுதினால் கவனமாகப் படிப்பேன்.

வெம்பிளிவாசி:

நண்பருக்கு வணக்கம். உங்கள் ஏமாற்றம் புரிகிறது. ஆனால் பிரியாணியை வைத்து இந்த உணவு வகை முழுவதையும் அளப்பது, ஒரு நல்ல தச்சரிடம் நகை செய்யச் சொல்லிவிட்டு அவர் கைத்திறனைக் குறை கூறுவதைப் போன்றது.

இந்த உணவுகள் எதற்காகத் தோன்றின என்பதைப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். இவற்றுக்கு முன்பும் பிரிட்டனில் அவசர உணவு இருந்தது. 1960களில் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைக்கும் உலர்ந்த வெஸ்டா கறிப் பொதிகள் வீட்டுக்கு வீடு புழங்கின. ஆனால் 1979 இல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் சிக்கன் கீவ் என்ற உணவைக் குளிரூட்டிய நிலையில் விற்கத் தொடங்கியபோதுதான், உலர்த்தாமலும் உறையவைக்காமலும், சமைத்த பதத்திலேயே குளிரில் வைத்து விற்கும் முறை மக்களிடம் பரவியது. அதை உருவாக்கிய கேத்தி சாப்மன், வீட்டில் எளிதாகச் செய்ய முடியாததும், உணவகத்தில் மட்டுமே கிடைத்ததுமான ஓர் உணவைத் தேர்ந்தெடுத்தார். கோழி நெஞ்சுக்குள் பூண்டு வெண்ணெயை அடைத்து, ரொட்டித்தூளில் புரட்டி, வெண்ணெய் வெளியே கசியாமல் வேகவைப்பது அன்றைய பிரித்தானிய இல்லங்களுக்குப் பழக்கமில்லாத வேலை. பூண்டே அஞ்சத்தக்க பொருளாக இருந்த காலம் அது.

ஆகவே, நம் வீட்டில் நம் கையால் நன்றாகச் செய்யக்கூடியதை அங்கே வாங்குவது பொருத்தமற்ற தேர்வு. பதினைந்து ஆண்டுகளாக வாங்குபவன் என்ற முறையில் சொல்கிறேன்: மாட்டிறைச்சியை வைனில் மெதுவாக வேகவைத்த குழம்பு, உருளைக்கிழங்கு மசியல் போர்த்திய மீன் பை, ஆட்டுக்கறிக் கொத்தின்மேல் மசியல் வைத்த ஷெப்பர்ட்ஸ் பை, இவை மேல்தட்டு வரிசையிலும் மலிவு வரிசையிலும் ஒன்றாக இருக்கவே இருக்காது. இரண்டையும் அருகருகே வைத்துச் சாப்பிட்டுப் பாருங்கள்.

குரோய்டன்வாசி:

வெம்பிளி அண்ணா, வரலாற்றுக்கு நன்றி. ஆனால் அந்தக் கடைகள் பிரியாணியையும் கறியையும் அதே உயர்தர வரிசையில், அதே விலையில், அதே பெருமிதத்தோடுதானே வைத்திருக்கின்றன? எது நன்றாக வரும், எது வராது என்பது வாங்குபவர் கண்டுபிடிக்க வேண்டிய இரகசியமாக இருக்கலாமா? தச்சர் நகைக்கடைப் பலகை மாட்டியிருந்தால், நகையைக் கேட்பவர்மேல் குற்றமில்லை.

முன்னாள் உற்பத்திப் பணியாளர்:

மேற்கு லண்டனில் குளிரூட்டிய உணவு தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் பதினோரு ஆண்டுகள் வேலை செய்தவள் நான். என்னோடு நின்றவர்களில் பாதிப்பேருக்கு மேல் பஞ்சாபி, குஜராத்தி, தமிழ்ப் பெண்கள். இந்தத் தொழிலின் இந்திய உணவுப் பிரிவே இந்தப் பகுதியில் வேரூன்றியதுதான். மும்பையிலிருந்து வந்த குலாம் நூன் 1980களின் இறுதியில் சவுத்தாலில் தொடங்கிய தொழிற்சாலைதான் செயின்ஸ்பரிஸ் போன்ற கடைகளுக்கு இந்திய உணவைப் பெருமளவில் வழங்கியது. நான் வேலை செய்த இடத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். அங்கே என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன். இந்த வாதத்தில் இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது.

முதலில் சோறு. வெந்த அரிசியிலுள்ள மாவுச்சத்து, குளிர்ந்ததும் மீண்டும் இறுகத் தொடங்கும். உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது குளிர்பெட்டியின் வெப்பநிலையில்தான், அந்த இறுக்கம் மிக விரைவாக நடக்கிறது. அமைலோஸ் என்ற கூறு மிகுந்த பாசுமதியில் அது இன்னும் அதிகம். வீட்டில் பழஞ்சோற்றைத் தண்ணீர் தெளித்து ஆவியில் வைத்தால் மீள்வதைப்போல, மைக்ரோவேவில் சூடாக்கும்போதும் ஓரளவு மீளும். ஆனால் தட்டின் விளிம்பு சீக்கிரம் சூடேறிக் காய்ந்துவிட, நடுப்பகுதி பின்தங்கும். நீங்கள் கண்ட பிரியாணி அதுதான். அரிசிக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்த இயல்பு மாறாது. ஆகவே, சோறு அடங்கிய எந்தப் பொதியிலும் மேல்தட்டுக்கும் கீழ்த்தட்டுக்கும் வேறுபாடு குறைவு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்து இறைச்சி. எங்கள் பொதியிலுள்ள உணவு, விற்கும் முன்பு ஒரு முறையும், உங்கள் வீட்டில் மறுமுறையும் வேகிறது. லிஸ்டீரியா கிருமியை ஒழிக்க உணவின் நடுப்பகுதி 70 பாகை செல்சியஸ் சூட்டில் 2 நிமிடமாவது இருந்தாக வேண்டும் என்பது அடிப்படை விதி. கொழுப்பில்லாத நெஞ்சுக்கறி இரண்டாம் சூட்டைத் தாங்காது. சாறு வெளியேறி நாராகிவிடும். கால்கறி, தோள்கறி, மாட்டின் முழங்காற்கறி ஆகியவற்றில் இருக்கும் இணைப்புத்திசு மெதுவாக வேக வேகப் பசையாக இளகி, இரண்டாம் சூட்டில் மேலும் மென்மையாகும். வெம்பிளி ஐயா சொன்ன வைன் குழம்பு நன்றாக வருவதன் இரகசியம் இவ்வளவுதான். ஆனால் எங்களிடம் வாங்கும் சூப்பர் மார்க்கெட்டுக்காரர்கள் நெஞ்சுக்கறியைத்தான் கேட்பார்கள். அது வெள்ளையாக, ஒரே அளவாக, படத்தில் அழகாக இருக்கும் என்பார்கள். ருசி பார்க்கும் கூட்டங்களில் நாங்கள் தொடைக்கறிக்காக எத்தனையோ முறை வாதாடியிருக்கிறோம்.

மூன்றாவது, குழம்பு ஏன் ஒன்றுபோல் இருக்கிறது என்ற கேள்வி. உங்கள் மகள் சரியாகவே சொல்லியிருக்கிறாள். பல தொழிற்சாலைகளில் வெங்காயமும் தக்காளியும் வதக்கிய ஓர் அடிக்குழம்பு நூற்றுக்கணக்கான கிலோ கொள்ளும் கொப்பரையில் தயாராகும். அதிலிருந்து பல கறிகள் பிரியும். தாளிதம் என்பது எண்ணெய் புகையும் நொடியில் கடுகும் கறிவேப்பிலையும் விழுந்து, அந்த மணம் அடங்குமுன் உண்பதற்கானது. அது கொப்பரையில் விழுந்து, விரைவுக் குளிரூட்டியில் நுழைந்து, நான்கைந்து நாள் கடந்து உங்கள் மேசைக்கு வரும்போது மணத்தில் பெரும்பகுதி போயிருக்கும். அதை ஈடுகட்டத்தான் இனிப்பும் கிரீமும்.

அப்படியென்றால் கூடுதல் விலை எங்கே போகிறது? இறைச்சியின் அளவுக்கும், எண்ணெய்க்குப் பதில் வெண்ணெய்க்கும், வடிசாறுக்கும், வேகவைக்கும் நேரத்துக்கும் போகிறது. மலிவு வரிசையில் நாற்பது நிமிடம் கொதிக்கும் குழம்பு, மேல் வரிசையில் மூன்று மணி நேரம் அடுப்பில் இருக்கும். அந்த நேரத்தில் கொப்பரை வேறெதற்கும் பயன்படாது என்பதால் அதுவும் விலைதான். அட்டைக்கும் ஒரு பங்கு போகிறது, மறுக்கவில்லை.

குரோய்டன்வாசி:

அக்கா, இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு கேள்வி. உயர்தர வரிசையின் உறையில் 'வீட்டுச் சமையலறையில் இருக்கும் பொருட்கள் மட்டுமே' என்ற பொருளில் எழுதுகிறார்கள். பின்பக்கப் பட்டியலிலும் சோளமாவு, அரிசிமாவு என்றுதான் இருக்கிறது. விளங்காத பெயர்கள் இல்லை. அதை நம்பலாமா?

முன்னாள் உற்பத்திப் பணியாளர்:

பொய் என்று சொல்லமாட்டேன். முழு உண்மை என்றும் சொல்லமாட்டேன். சாதாரணச் சோளமாவு போட்டுக் கெட்டியாக்கிய குழம்பு, குளிரில் இருந்தால் நீர் பிரிந்துவிடும். அதனால் வேதிமுறையில் மாற்றப்பட்ட ஸ்டார்ச்சை, அதாவது மாவுச்சத்தைப் பயன்படுத்துவார்கள். அதைப் பட்டியலில் 'மாற்றப்பட்ட ஸ்டார்ச்' என்றே குறிப்பிட வேண்டும். மேல்தட்டு வாடிக்கையாளருக்கு அந்தச் சொல் பிடிக்காது. எனவே வெப்பத்தாலும் ஈரத்தாலும் மட்டும் பதப்படுத்தி, அதே வேலையைச் செய்யும்படி ஆக்கிய மாவுகள் சந்தைக்கு வந்தன. அவற்றைச் சோளமாவு அல்லது சோள ஸ்டார்ச் என்று எழுதினால் போதும். உடம்புக்கு அது கெடுதல் என்று நான் கூறவில்லை. ஆனால் உங்கள் அலமாரியிலுள்ள சோளமாவும் அதுவும் ஒன்றல்ல.

பட்டியலில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறொன்று. பொருட்கள் எடையின் இறங்குவரிசையில் எழுதப்பட வேண்டும் என்பது சட்டம்; பெயரில் 'கோழி' இருந்தால் கோழியின் விழுக்காட்டையும் எழுதியாக வேண்டும். அதோடு 'கோழி' என்று இருக்கிறதா, 'சமைத்த கோழி' என்று இருக்கிறதா எனக் கவனியுங்கள். பச்சைக் கறி வேகும்போது எடை குறையும் என்பதால் இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. தண்ணீர் முதலிடத்தில் இருக்கும் பொதிக்கு ஏழு பவுண்டு கொடுக்காதீர்கள்.

செவிலியர், லீசெஸ்டர்:

ருசியைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள்; தரம் என்ற சொல்லுக்குள் உடல்நலமும் அடங்காதா? நான் இருதய நோயாளிகள் பிரிவில் பணிபுரிகிறேன். 'நல்ல கடையில்தான் வாங்குகிறேன், அதனால் கவலையில்லை' என்று படித்தவர்களே சொல்லக் கேட்டு மனம் வருந்தியிருக்கிறேன்.

உறையின் முன்பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு வண்ணங்கள் இருக்கின்றன அல்லவா? 100 கிராமுக்கு 1.5 கிராமுக்கு மேலோ, ஒருவர் உண்ணும் பங்குக்கு 1.8 கிராமுக்கு மேலோ உப்பு இருந்தால் சிவப்பு வர வேண்டும். வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 6 கிராம்தான் உச்சவரம்பு. வெண்ணெயும் கிரீமும் சேர்க்கச் சேர்க்க, நிறைவுற்ற கொழுப்பின் கட்டமும் சிவக்கும். சோறும் கறியும் மசியலும் சேர்ந்த மேல்தட்டுப் பொதிகளில் அந்தச் சிவப்பு அடிக்கடி இருக்கிறது. மலிவு வரிசையில் வெண்ணெய் போடக் கட்டுப்படியாகாததாலேயே அங்கே அது குறைவு. அதாவது, ஐயா புகழும் அந்தச் செழுமைதான் என் நோயாளிகளுக்குத் தீங்கு. இரண்டு பேருக்கான பொதியை ஒருவரே உண்டுவிட்டு, அரைப்பொதிக்கு எழுதிய அளவை நம்பிக்கொண்டிருப்பவர்களும் ஏராளம்.

வெம்பிளிவாசி:

செவிலியர் அம்மாவின் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் எதோடு ஒப்பிட்டுத் தீங்கு என்கிறீர்கள் என்பது முக்கியம். 2012 இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஓர் ஆய்வு வந்தது. தொலைக்காட்சிச் சமையற்கலைஞர்களின் அதிகம் விற்ற நூல்களிலிருந்து 100 சமையற்குறிப்புகளையும், சூப்பர் மார்க்கெட்டுகளின் சொந்தப் பெயரில் விற்கும் 100 ஆயத்த உணவுகளையும் எடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரைகளோடு ஒப்பிட்டார்கள். இரண்டிலும் ஒன்றுகூட எல்லாப் பரிந்துரைகளையும் நிறைவு செய்யவில்லை. ஆனால் நார்ச்சத்தில் ஆயத்த உணவுகளில் 56 விழுக்காடு தேறின. சமையற்குறிப்புகளில் 14 விழுக்காடுதான் தேறின. வீட்டில் நம் கையால் சமைத்தோம் என்பதனாலேயே ஓர் உணவு நல்லதாகிவிடாது.

செவிலியர், லீசெஸ்டர்:

அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன், ஐயா. அதிலேயே உப்பைப் பற்றிய பகுதியை விட்டுவிட்டீர்கள். சோடியம் அளவில் சமையற்குறிப்புகளில் 36 விழுக்காடு தேறின. ஆயத்த உணவுகளில் 4 விழுக்காடுதான். 'சுவைக்கேற்ப உப்பு' என்று குறிப்பில் எழுதியிருந்ததை ஆய்வாளர்கள் கணக்கில் எடுக்கவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். என்றாலும் வீட்டில் அந்தச் 'சுவைக்கேற்ப' என்பது என் கையில் இருக்கிறது, பொதியில் இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் 2025 இல் வெளியிட்ட சோதனையில் 55 பேர் கலந்துகொண்டார்கள். ஒவ்வொருவரும் எட்டு வாரம் அதிகம் பதப்படுத்திய உணவையும், எட்டு வாரம் குறைவாகப் பதப்படுத்திய உணவையும் உண்டார். இரண்டு வகையும் அரசின் ஊட்டச்சத்து வழிகாட்டுதலுக்கு உட்பட்டவை. முன்னதில் சராசரியாக 1.05 விழுக்காடும், பின்னதில் 2.06 விழுக்காடும் எடை குறைந்தது. பதப்படுத்திய உணவிலும் எடை குறைந்ததே என்று நீங்கள் சொல்லலாம். ஊட்டச்சத்துக் கணக்கை ஒன்றாக வைத்தும், குறைவாகப் பதப்படுத்திய உணவில் எடைக்குறைவு ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன்.

ஈஸ்ட் ஹாம்வாசி:

எனக்கு இந்த விவாதமே புரியவில்லை. லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் நம்மவர்களின் கடைகள் காலை முதல் இரவு வரை திறந்திருக்கின்றன. இடியப்பமும் சொதியும், கத்தரிக்காய்க் குழம்பும், ஆட்டுக்கறிப் பிரட்டலும் அன்றன்று சமைத்துப் பெட்டியில் தருகிறார்கள். விரைவுக் குளிரூட்டியும் இல்லை, நான்கைந்து நாள் காத்திருப்பும் இல்லை. ஏழு பவுண்டுக்கு இரண்டு பேர் வயிறாரச் சாப்பிடலாம். வெள்ளைக்காரர்களின் கடையில் போய்ப் பிரியாணி வாங்கிவிட்டு ஏன் வருந்த வேண்டும்?

வெம்பிளிவாசி:

அந்தக் கடைகளில் நானும் வாங்குகிறேன். அந்தச் சொதிக்கு ஈடில்லை என்பதில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் அது அன்றைக்கே உண்ண வேண்டியது. அத்தோடு, என் மருமகனுக்கு நிலக்கடலை ஒவ்வாமை உண்டு. கடையிலேயே பொதிந்து வைத்து விற்கும் உணவுக்கும் முழுப் பொருட்பட்டியலும் ஒவ்வாமைப் பொருட்களும் எழுதப்பட வேண்டும் என்று 2021 அக்டோபர் முதல் இங்கே சட்டம் இருக்கிறது. பல சிறு கடைகள் அதைச் சரியாகக் கடைப்பிடிக்கின்றன. கடைப்பிடிக்காத கடைகளையும் பார்த்திருக்கிறேன். பெரிய அங்காடியின் பொதியில் அந்த ஐயம் எனக்கு எழுவதில்லை. 2013 இல் மாட்டிறைச்சி என்று விற்ற மலிவு லசான்யாக்களில் குதிரை இறைச்சி இருந்தது வெளிவந்ததிலிருந்து, இறைச்சி எந்த நாட்டிலிருந்து வந்தது என்று உறையில் எழுதாத எதையும் நான் வாங்குவதில்லை. நான் கொடுக்கும் கூடுதல் விலையில் அதற்கும் ஒரு பங்கு உண்டு.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பாவுக்கு எண்பத்து மூன்று வயது. அம்மா போன பிறகு ஹரோவில் தனியாக இருக்கிறார். அவருக்கு அடுப்பருகே நிற்கக் கால் தாங்காது, கைநடுக்கமும் உண்டு. வாரத்துக்கு நான்கு பொதிகள் அவருடைய குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்தவர், மீன் பையை முதலில் தொடவே இல்லை. இப்போது அதைத்தான் கேட்கிறார், எலும்பில்லை என்பதால். மலிவு வகையை ஒருமுறை வைத்தேன். 'மாவைத்தான் தின்றேன், மீனைக் காணவில்லை' என்றார். இது எங்களுக்கு ஆடம்பரம் அல்ல.

செவிலியர், லீசெஸ்டர்:

ஐயா, உங்கள் அப்பாவின் நிலையில் இருப்பவர்களை நினைத்து நான் எழுதவில்லை. அந்த வயதில் பசியின்மையும் எடை குறைவும்தான் பெரிய ஆபத்து. அவர் விரும்பி உண்பது எதுவாக இருந்தாலும் நல்லதே. ஆனால் அவருக்கு இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால், நான்கு பொதிகளிலும் உப்பின் அளவை மட்டும் பார்த்து வாங்குங்கள். ஒரே கடையின் இரண்டு மீன் பைகளுக்கு இடையிலேயே கணிசமான வேறுபாடு இருக்கும்.

குரோய்டன்வாசி:

அப்பாவைப் பற்றிப் படித்தபோது என் முதல் பதிவின் கடுமை எனக்கே உறுத்தியது. ஆனாலும் விலையைப் பற்றிய என் கேள்வி நிற்கிறது. ஆயத்த உணவு தயாரிக்கும் சார்லி பிகம்ஸ் நிறுவனம் 2025 இல் வெளியிட்ட வரிசையில், மாவுறைக்குள் இறைச்சியைப் பொதிந்த வெலிங்டன் போன்ற உணவுகளுக்கு 30 பவுண்டு வரை விலை வைத்திருக்கிறார்கள். இருவருக்கு என்றாலும், வீட்டு ஓவனில் நாமே சூடாக்கி, நாமே பாத்திரம் கழுவும் உணவுக்கு அது எந்த வகையில் நியாயம்?

வெம்பிளிவாசி:

அதில் நான் உங்கள் பக்கம். அவர்களுடைய மீன் பை எனக்குப் பிடிக்கும். மரத்தட்டில் வைத்து ஓவனில் மட்டும் சூடாக்கச் சொல்வதால் மேற்பரப்பு நன்றாக முறுகி வரும். 30 பவுண்டு என்பது வேறு கணக்கு. உணவகத்தில் அதே உணவுக்கு இன்னும் கூடுதலாகும் என்பது அவர்கள் வாதம். உணவகத்தில் நாம் கொடுக்கும் பணத்தில் 20 விழுக்காட்டு விற்பனை வரியும், பரிமாறுபவரின் ஊதியமும், மேசையின் வாடகையும் இருக்கின்றன. குளிர்ந்த நிலையில் விற்கும் இந்தப் பொதிகளுக்கு அந்த வரி சுழியம். அப்படியிருக்க, உணவக விலையை அளவுகோலாக எடுத்துக்கொள்வதை நான் ஏற்கவில்லை. மேலும், மாவுறைக்குள் பொதிந்த இறைச்சி என்பது முறுகலும் சாறும் ஒருங்கே வேண்டிய உணவு. அக்கா சொன்ன விதிப்படி அது குளிர்பெட்டிக்கு ஏற்றதா என்ற ஐயம் எனக்கிருக்கிறது.

முன்னாள் உற்பத்திப் பணியாளர்:

மாவுறை வேகாத நிலையில் வந்து உங்கள் ஓவனில் முதன்முறையாக வேகுமானால் நன்றாக வரும். இரண்டு முறை வேகும் உணவு, வீட்டில் ஒரே முறை வேகும் உணவு என்று இந்தப் பொதிகளை இரண்டாகப் பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். 'மைக்ரோவேவில் வைக்கக்கூடாது' என்று எழுதியிருப்பதைப் பலர் குறையாகக் கருதுகிறார்கள். நான் அதை நல்ல அடையாளமாகப் பார்க்கிறேன். மேற்பரப்பு முறுகவும், மசியல் நிறம் மாறவும் இடம் விட்டுச் செய்திருக்கிறார்கள் என்பது அதன் பொருள்.

நாட்கணக்கைப் பற்றியும் ஒரு சொல். காற்று நீக்கியோ, வாயு நிரப்பியோ பொதிந்த குளிர் உணவுக்கு, நடுப்பகுதியை 90 பாகை செல்சியஸில் 10 நிமிடம் வைப்பது, போதிய புளிப்பு அல்லது உப்பு இருப்பது போன்ற கூடுதல் காப்பு இல்லையென்றால், காற்றில்லாத இடத்தில் வளர்ந்து நஞ்சை உண்டாக்கும் பொட்டுலினம் கிருமியின் அச்சத்தால் பத்து நாளுக்கு மேல் ஆயுள் கொடுப்பதில்லை. ஆகவே, கடையில் எடுக்கும்போது தேதி தொலைவில் இருப்பதைத் தேடுங்கள். அன்று இரவே உண்பதாக இருந்தாலும் சரி. நீர் பிரிவதும், கறியில் ஒரு பழைய வாடை ஏறுவதும் கடைசி இரண்டு மூன்று நாட்களில்தான். அந்த வாடை கெட்டுப்போனதால் வருவதன்று. வெந்த கறியின் கொழுப்பு காற்றுபட்டு மாறுவதால் வருவது. மாலையில் மஞ்சள் ஒட்டு போட்டு விலை குறைத்து விற்கும் பொதியைச் சாப்பிட்டுவிட்டு, 'உயர்தரமும் இவ்வளவுதான்' என்று முடிவுக்கு வந்தவர்களை நான் அறிவேன்.

ஈஸ்ட் ஹாம்வாசி:

அக்கா சொன்னதைப் படித்தபின் எனக்கும் ஒன்று விளங்குகிறது. நம் கடைப் பருப்புக் கறியையும் ஆட்டுக்கறிப் பிரட்டலையும் மறுநாள் சூடாக்கினால் முதல்நாளைவிட நன்றாக இருக்கும். கணவாய்ப் பொரியலும் புட்டும் வீணாகிவிடும். எந்தக் கடையில் வாங்கினாலும் இதே கதைதான் போலிருக்கிறது. அப்படியிருந்தும், கறி என்று வந்தால் ஏழு பவுண்டை நம்மவர்களிடம் கொடுப்பதே சரி என்பதில் நான் மாறவில்லை.

குரோய்டன்வாசி:

நேற்று வெள்ளிக்கிழமை. வெம்பிளி அண்ணா சொன்னபடி, வேறொரு கடையில், ஓவனில் மட்டும் சூடாக்கும் மீன் பை ஒன்றையும், மலிவு வரிசையில் இன்னொன்றையும் வாங்கி, உறையை நீக்கிவிட்டு மகளிடம் கொடுத்தேன். விலை உயர்ந்ததை முதல் வாயிலேயே அடையாளம் சொன்னாள். அதில் மீன் துண்டுகளாக இருந்தது. மற்றதில் கரைந்து கிடந்தது. பட்டியலைப் பார்த்தபோது மீனின் விழுக்காட்டில் ஏறத்தாழ இரு மடங்கு வேறுபாடு இருந்தது. எனவே அட்டைப்படத்துக்கே பணம் போகிறது என்று நான் முதலில் எழுதியதை, மீன் பையைப் பொறுத்தவரை திரும்பப் பெறுகிறேன். நிறைவுற்ற கொழுப்பின் கட்டம் இரண்டிலுமே பச்சையாக இல்லை என்பதைச் செவிலியர் அக்காவுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன். விலை உயர்ந்ததில் அது சிவப்பு. இனி மாதத்துக்கு இரண்டு வெள்ளிக்கு மேல் வாங்குவதில்லை என்று வீட்டில் பேசிக்கொண்டோம்.

பிரியாணி விஷயத்தில் நான் சொன்னதில் மாற்றமில்லை. குளிர்பெட்டிக்கு ஒவ்வாது என்று தயாரிப்பவருக்கே தெரிந்த ஒன்றை உயர்தரம் என்று பெயரிட்டு விற்பது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்தக் கடையின் வாடிக்கையாளர் பிரிவுக்கு இதை எழுத்து மூலமாகவே தெரிவித்திருக்கிறேன். அடுத்த வெள்ளி, ஈஸ்ட் ஹாமிலிருந்து ஆட்டுக்கறிப் பிரட்டல் மட்டும் வாங்கி வந்து, சோற்றை நாங்களே வடிப்பதாக இருக்கிறோம்.